வெள்ளம் தா

என் மகளுக்கு இப்போது 22 வயது. வீட்டில் எல்லாரும் கொச்சு என்றுதான் கூப்பிடுவோம். கேரளத்தில் பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து இறங்கிப் போகும் செம்மண் பாதையில் எங்கள் வீடு. நான் பிறந்தது குழித்துறைப் பக்கம், கட்டிக்கொடுத்தது இங்கே. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் இடையில் களியக்காவிளையில் மாநிலம் மாறிவிடும். தினமும் காலையில் எல்லை தாண்டிப் போய், குமரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருவேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போய்வந்தேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த இணைப்புக்காகப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டிருந்தது. அது கிடைக்கவில்லை. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் நிறையவே தங்கிப்போயின. என் மாமியார் கொல்லங்கோட்டுக்காரர், கல்யாணம் முடிந்து இந்தப் பக்கம் வந்தவர். அவருக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம். பூனை பூச்சை. கப்பைக்கிழங்கு மரச்சீனி. ஒன்று நன்றாக இருந்தால் கொல்லாம். இவற்றில் எது தமிழ், எது மலையாளம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. தமிழாசிரியையான எனக்கே பல சொற்களில் தடுமாற்றம் வரும்.

கொச்சு பிறந்தது 2003 ஏப்ரலில். எனக்கு அப்போது 27 வயது. இரண்டாம் நாள் டாக்டர் அவளுடைய கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடியது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடைவெளி. தூக்கினால் நனைந்த துணி மாதிரித் துவண்டாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒண்ணுமில்ல, ரத்தம் எடுக்கணுமாம்” என்றார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெற்றவளிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரத்தத்தைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரச் சில வாரம் ஆயிற்று. வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்துக் கொல்கிசின் வகை மருந்தை விடுவார்களாம். செல் நடுவழியில் அப்படியே நின்றுவிடும். அந்த நிலையில்தான் குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். கொல்கிசின் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற நஞ்சு. எங்கள் வேலியில் வருடம் தவறாமல் அது பூக்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கும்போது முதலில் வருவது காந்தள்தான். அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் வேலியிலிருந்து ஒரு பூவைப் பறித்துக்கொண்டு போய் வகுப்பில் காட்டுவேன். கொச்சு பிறந்த பிறகு அந்தப் பூவைப் பறிக்கும்போது கை ஒரு நிமிடம் நிற்கும்.

முடிவு ஒரு தாளில் வந்தது. கறுப்பு நூல் துணுக்குகளை ஜோடி ஜோடியாக ஒட்டிவைத்தது போன்ற படம். பெரியது மேலே, சிறியது கீழே. கீழ்வரிசையில் 21 என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் மூன்று இருந்தன. தாளில் இருப்பதிலேயே சின்னவை அவை. டாக்டர் பேனா முனையை வைத்துக் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. டவுன் சின்ட்ரோம் என்றார்.

கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். லாங்டன் டவுன் என்ற இங்கிலாந்து டாக்டர் 1866-இல் இதை விவரித்து எழுதினார். கண் அமைப்பைப் பார்த்து அவர் ‘மங்கோல்’ என்று வைத்த பெயரை, மங்கோலியா கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார நிறுவனம் 1965-இல் கைவிட்டது. 2003-இலும் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதையே 1956-இல்தான் சரியாக எண்ணினார்கள். எங்கள் ஊருக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் எல்லை விழுந்த அதே வருடம். 1959-இல் பிரான்சில் லெஜூனும் அவருடைய சகாக்களும் இந்தப் பிள்ளைகளுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று கண்டு சொன்னார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் போய்விடுகிறது. யாரும் எதையும் செய்து வருவதில்லை இது. கிரகணத்துக்கு வெளியே போனாயா, எதையாவது பார்த்துப் பயந்தாயா என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், என்னால் அதில் நிறைய நேரம் நிற்க முடியாது. டவுன் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். கொச்சுவுக்கு மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவில் ஒரே பெரிய ஓட்டை. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்க்கும். நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் களைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஐந்தாம் மாதம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இந்தியாவிலேயே செய்த செயற்கை வால்வை 1990 டிசம்பரில் முதல்முதலாக ஒருவருக்குப் பொருத்தியது இங்கேதான் என்று என் வீட்டுக்காரர் காத்திருந்த நேரமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். கொச்சுவுக்கு வால்வு ஒன்றும் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். வியர்வை இல்லை. “மாமி, இங்க வந்து தொட்டுப் பாருங்க” என்று கூப்பிட்டேன். மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த அட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர் என்று ஒரு நிலையம் இருக்கிறது. டாக்டர் எம்.கே.சி. நாயர் தொடங்கியது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க அவர்கள் ஒரு அட்டை உருவாக்கினார்கள். திருவனந்தபுரம் அட்டை என்றே டாக்டர்கள் சொல்வார்கள். அதில் 17 காரியங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, கவிழ்வது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, கைதட்டுவது, தனியாக நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது, பொம்மையின் கண்ணையும் மூக்கையும் தொட்டுக் காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பட்டை. குழந்தையின் மாதத்துக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். படிக்காத அம்மாவும் பார்க்கலாம். இதைவிட எளிமையான, உபயோகமான ஒன்றை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பென்சிலை வைப்பேன். இடப்பக்கம் ஆகாமல் கிடப்பவை கூடிக்கொண்டே போகும். ஒரு வயதில் தலை நின்று, கவிழ்ந்து, சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றே முக்கால் வயதில் கைதட்டினாள். இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது அடுக்களை வாசலிலிருந்து திண்ணை வரை தனியாக நடந்தாள். அட்டை இரண்டு வயதோடு முடிந்துவிடும். பென்சில் வைக்க அதில் இடமில்லை. இருந்தாலும் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு வார்த்தை என்ற பட்டை மட்டும் என் கண்ணிலேயே நின்றது.

2005 ஆவணியில் பேச்சுப் பயிற்சிக்காக வேறொரு இடத்துக்குப் போகத் தொடங்கினோம். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைத் தூக்க, ஊத, உறிஞ்சப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். டவுன் பிள்ளைகளுக்கு நாக்கும் உதடும் தளர்ந்திருக்கும், காதுக்குள் நீர் கட்டிக் கேட்கும் திறனும் குறையும் என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. மூன்றாவது முறை போனபோது வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார்கள். தமிழ் என்றேன், கொஞ்சம் மலையாளமும் கலந்திருக்கும் என்றேன். “வீட்டில் ஒரு பாஷ மதி. மலையாளம் மாத்ரம்” என்றார்கள். இந்த மாதிரிக் குழந்தைக்கு ஒரு மொழியே பாரம், இரண்டு வந்தால் இரண்டும் வராது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் மலையாளம்தானே. கேட்க நியாயமாக இருந்தது. நானும் ஒத்துக்கொண்டேன்.

கதவு வாதில் ஆயிற்று. நாற்காலி கசேர ஆயிற்று. சாமான்களில் எல்லாம் சீட்டு எழுதி ஒட்டினேன், எனக்கே மறந்துவிடாமலிருக்க. எனக்கு மலையாளம் கடையில், பஸ்ஸில் பேசும் அளவுக்கு நன்றாக வரும். ஆனால் தாலாட்டு தெரியாது. அதனால் பாடுவதை விட்டுவிட்டேன். பள்ளியில் ஒரு நாள் முழுக்கத் தமிழ் நடத்திவிட்டு, பாறசாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே வாயை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன்.

மாமியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நான் வாயத் தொறந்தா அதுல எது தமிழ், எது மலையாளம்ணு எனக்கு எங்க மக்ளே தெரியும்? பிள்ளைக்கு ஒண்ணும் வரப்பிடாது. நான் பேசாம இருக்கேன்” என்றார்.

பகலில் எட்டு மணி முதல் ஐந்து மணி வரை கொச்சுவை வைத்திருந்தது மாமிதான். அந்த ஒன்பது மணி நேரமும் அவர் பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து மாதம். நான் அதைத் தியாகம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதை எழுதக் கூசுகிறது.

2006 ஜூன். இடவப்பாதி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மழைச் சத்தத்தில் நான் வந்தது உள்ளே கேட்கவில்லை. அடுக்களையில் மாமி பலகையில் உட்கார்ந்து மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் கொச்சு. அவள் மாமியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். மாமி நிமிர்ந்து பார்த்தார். குடத்தைக் காட்டினாள். மாமி எழுந்து தம்ளரில் மோந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினாள். மாமி வாங்கி வைத்துவிட்டுத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டார். மறுபடி கத்தியை எடுத்தார். இவ்வளவுக்கும் இரண்டு பேரிடமிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

முன்பெல்லாம் அவள் தண்ணீர் கேட்டால் “வே, வே” என்று ஏதோ ஒரு ஒலி வரும். அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. பாட்டி பேசாததைப் பார்த்து அவளும் அந்த அடுக்களையில் பேசுகிற வழக்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்ட அங்கேயே நின்றேன். “மாமி, அவகிட்ட பேசுங்க” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “டீச்சர்மாரு ஏசுவினுமே?”

“ஏசட்டும். நீங்க பேசுங்க.”

மாமி கத்தியைக் கீழே வைத்தார். குழந்தையைப் பார்த்தார். “எனக்க மக்ளே” என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. “மரச்சீனி வேணுமா மக்ளே? அவிச்சுத் தரட்டா?” கொச்சு மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அவருடைய உதட்டில் கை வைத்தாள்.

அன்றைக்கே சீட்டுகளையெல்லாம் கிழித்துப்போட்டேன். பயிற்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கே மலையாளத்தில் சொல்லிக்கொடுத்ததை அங்கே கேட்டுக்கொண்டாள். வீட்டில் நாங்கள் எங்கள் பேச்சைப் பேசினோம். மாமி பத்து மாதம் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசினார். கோழிக்குத் தீனி போடும்போது பேச்சு, முற்றம் பெருக்கும்போது பேச்சு.

செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், மூன்று வயதும் ஐந்து மாதமும் ஆனபோது, கொச்சு அடுக்களை நடையில் நின்று மாமியைப் பார்த்து “வெள்ளம் தா” என்றாள். ‘ள்’ வரவில்லை, ‘வெம்மம்’ என்றுதான் விழுந்தது. ‘தா’ மட்டும் சுத்தமாக வந்தது. இரண்டு வார்த்தை. அதை மலையாளம் என்று கணக்கில் வைக்கலாம். மாமியின் தமிழ் என்றும் வைக்கலாம். நான் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்து, இரண்டு வார்த்தை என்ற பட்டையின் மேல் தேதியை எழுதினேன்.

பாஷையை மாற்றியதால் பேச்சு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதத்தில் எப்படியும் வந்திருக்கலாம். ஆனால் பத்து மாதம் அவள் காதில் விழாமல் போன பேச்சு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாறு வருடம் கழித்து வேறொரு பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் பேசி வளரும் டவுன் பிள்ளைகளையும், ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் டவுன் பிள்ளைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளின் ஆங்கிலம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை. இரண்டாவது மொழி அவர்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எந்த வருடம் வெளிவந்தது என்று கேட்டேன். 2005 என்றார். என் வீட்டில் சீட்டு ஒட்டிய வருடம். திரும்பி வரும் பஸ்ஸில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளைப் பாலம் எல்லாம் கடந்துபோயின. எனக்கு அழுகை நிற்கவில்லை.

எங்களுக்கு அந்த யோசனை சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். இன்றைக்கும் அதையே சொல்லும் இடங்கள் இருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

கேரளத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் முதலாவது 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கியது, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே. கொச்சுவும் பிறகு அப்படியொரு பள்ளிக்குப் போனாள். அங்கே மலையாளம் வேகமாகப் பிடித்துக்கொண்டது. கண்டக்டரிடம் மலையாளம், என்னிடம் தமிழ். யாரிடம் எது என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆளைப் பார்த்து அவளே மாற்றிக்கொள்வாள். இப்போது பெரியவர்களுக்கான மையத்தில் காகிதத்தைச் சுருட்டிப் பேனா செய்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஓரம் கோணினால் பிரித்துவிட்டுத் திரும்பச் சுருட்டுவாள்.

18 வயதானதும் அவளுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோருக்கே இல்லாமல் போகிறது. 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலராக உத்தரவு வாங்க வேண்டும். 2021-இல் வாங்கினோம். பிள்ளை உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். அமெரிக்காவில் 1983-இல் டவுன் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம். இப்போது 60. நம் பிள்ளைகளும் நமக்குப் பிறகு இருக்கப்போகிறவர்கள்.

மாமி 2016-இல் காலமானார். கடைசி வாரங்களில் அவருக்குப் பேச்சு குழறியது. எங்களுக்குப் புரியாததைக் கொச்சு புரிந்துகொண்டு வந்து சொல்வாள். “பாட்டிக்கு வெள்ளம்” என்பாள். சரியாக இருக்கும். இப்போதும் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு “கொல்லாம்” என்கிறாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு “பைய, பைய” என்கிறாள். எல்லாம் மாமியின் சொற்கள், மாமியின் குரலேற்றத்திலேயே. எங்கள் வீட்டில் அதை இன்னும் அப்படியே சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், இரண்டு மொழி வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அவருக்கு வருகிற பேச்சில் பேசச் சொல்லுங்கள்.